முன்பு என்ன ஊற்றினார்கள்?

ஜே.சி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன்.
முதல் கடையில் நஞ்சுண்டா
"ஹளே இன்ஜினா மேடம்?" என்று கேட்டுவிட்டு
தங்க நிற டப்பா ஒன்றை நீட்டினார்.
முழு சிந்தெடிக். விமானத்துக்கே ஊற்றலாமாம்.
என்னிடம் விமானம் இல்லை.
இருப்பது ஐம்பத்தொன்றாம் வருடத்து ஹில்மேன்,
ஆறு மாதமாக என் பெயரில்,
பசவனகுடி மேட்டில் கனைக்கிற வெளிர்பச்சை.

இரண்டாம் கடையில் குஷால்சந்த்:
"டிராக்டர் ஆயில் போடுங்கள், கெட்டியாக நிற்கும்."
மூன்றாவதில் ஒரு பையன்
போனில் கிரிக்கெட்டிலிருந்து கண்ணெடுக்காமல்
"எல்லாம் ஒன்றுதான்" என்றான்.

ஒன்றில்லை, தம்பி.
கோடைக்கு முப்பது, குளிருக்கு இருபது
என்கிறது வண்டியோடு வந்த கையேடு.
அதை எழுதிய ஊரின் கோடை
நம் மார்கழி விடியல்.
சித்திரை மதியம் சில்க் போர்டு சிக்னலில்
நாற்பது நிமிடம் நிற்பதற்கு
அந்தப் பக்கத்தில் எண்ணே இல்லை.

எண்ணெய் என்றால் எள்ளின் நெய்.
இதில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை.
மிஞ்சியது எண் மட்டும்:
பதினைந்து டபிள்யூ நாற்பது,
இருபது டபிள்யூ ஐம்பது.
தணிக்கை அலுவலகத்தில் இருபத்தேழு வருடம்
எண்களோடு குடித்தனம் செய்தவள் நான்.
இவை மட்டும் மசியவில்லை.

வில்சன் கார்டன் ஷெட்டில் முஜீப்
போனட்டைத் திறக்கவில்லை.
அடியில் படுத்தார், முகர்ந்தார், எழுந்தார்.
"முன்பு என்ன ஊற்றினார்கள்?"
தெரியாதே.
"கேட்டுக்கொண்டு வாங்க. பழைய இன்ஜினில்
சில இடத்தில் கசடுதான் கேஸ்கெட்.
ரொம்ப நல்ல எண்ணெய் ஊற்றினால்
அதையும் கழுவிவிடும்.
அப்புறம் ஒழுக ஆரம்பிக்கும்."

விற்ற நொரோனா இப்போது மங்களூரில், மகள் வீட்டில்.
போனின் அந்தப் பக்கம் யாரோ டிவியைக் குறைத்தார்கள்.
"மாற்றினதே இல்லையம்மா.
குறைந்தால் ஊற்றுவேன். கையில் கிடைத்ததை.
ஒரு தடவை தையல் மெஷின் எண்ணெய்கூட."
பிறகு, நான் வைக்கப்போகும் நேரத்தில்,
"ஹாரன் அடிக்கிறதா?"
அடிக்கிறது என்றேன்.
"எனக்கு ஒரு நாளும் அடிக்கவில்லை" என்றார்.

அவருக்கு முன்னால் ஒரு டாக்டர்,
டாக்டருக்கு முன்னால் ஏதோ மில் மேனேஜர்.
எல்லார் கையிலிருந்ததும் சட்டிக்குள் சேர்ந்து
ஒரே கறுப்பு.
ஐம்பத்தொன்றின் துளி ஒன்றுகூட இருக்கலாம்.
ஆரம்ப இருப்பு தெரியாத பேரேட்டில்
நான் கையெழுத்துப் போட்டதில்லை.

எண்ணெயும் தண்ணீரும் கலக்காது என்பார்கள்.
ஹெட் கேஸ்கெட் போன வண்டியைத்
திறந்து பார்த்திராதவர்கள்.
அதற்குள் இருக்கும், பால் கூடிப்போன காப்பி நிறத்தில்.
முஜீப் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் இழுத்தார்.
தார்.
"காப்பி இல்லை. பிழைத்தோம்."

கடைசியில் வாங்கியது
மினரல், இருபது டபிள்யூ ஐம்பது,
துத்தநாகம் சேர்ந்தது, கழுவும் குணம் குறைந்தது.
குஷால்சந்தின் பின்வரிசையில்
தூசி படிந்து கிடந்த மங்கல் சிவப்பு டப்பா.
இதை முதலிலேயே ஏன் காட்டவில்லை?
"நீங்கள் நல்லது கேட்டீர்கள் மேடம்."

இன்ஜினைச் சூடாக்கி வடித்தோம்.
அவசரமில்லாமல் இறங்கியது,
நூலாகி, அறுந்து, துளியாகி.
கொஞ்சம் உள்ளேயே இருக்கட்டும் என்றேன்.
எதற்கென்று எனக்கே சொல்லத் தெரியாது.
முஜீப் கையைத் துடைத்துக்கொண்டே,
"நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்
கொஞ்சம் நிற்கும்."

மறுநாள் காலை, வண்டிக்கடியில் விரித்த பேப்பரில்
மூன்று துளிகள்.
இரண்டு கறுப்பு, வரன் தேடும் பத்தியில்.
ஒன்று தேன் நிறம், தங்க விலைக்குப் பக்கத்தில்.

படமெடுத்து முஜீபுக்கு அனுப்பினேன்.
பத்து நிமிடத்தில் பதில்:
ஒழுகினால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.
ஒழுகாத அன்றைக்குக் கூப்பிடுங்கள்.

இன்றைய பேப்பரைப் படித்துவிட்டு
அடியில் விரிக்க வேண்டும்.